யாரும் திறக்காத மாம்பழப் பெட்டி

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் உங்களைப் பார்த்தால் எனக்குக் கொஞ்சம் பொறாமையாகத்தான் இருக்கிறது. கம்ப்யூட்டரில் ஒரு பெட்டியை வரைந்து, அங்கேயே சுற்றிக் காட்டி, அதற்கு நிழல்கூட விழவைத்துவிடுகிறீர்கள். மூடியைத் திறந்தும் காட்டுகிறீர்கள். திரையில் எல்லாப் பெட்டியும் திறக்கும். என் காலத்தில் திறக்காத பெட்டிகள் நிறைய இருந்தன. அதில் ஒன்றைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன்.

"சுற்றுச்சூழலுக்கும் நல்லதாக, பார்க்கவும் பணக்காரத்தனமாக ஒரு பெட்டி செய்வது எப்படி, உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள் மேடம்" என்று கேட்டீர்கள். குப்பைக்குப் போகவே போகாத, பார்த்தவர்களெல்லாம் கையெடுத்துக் கும்பிட்ட ஒரு பெட்டியை நான் செய்திருக்கிறேன். பேச்சுக்காகச் சொல்லவில்லை, நிஜமாகவே கும்பிட்டார்கள். வம்பே அங்கேதான் ஆரம்பித்தது.

நான் சித்தூர் மிஷன் காம்பவுண்டில் பிறந்தவள். நைனா, அதாவது என் அப்பா, சர்ச் பள்ளிக்கூடத்தில் டிராயிங் மாஸ்டர். அவரிடம் கற்ற கோடுகளையும் வளைவுகளையும் நம்பி, திருப்பதி ரயில்வே ஸ்டேஷனுக்குப் பின்னால் இருந்த ஓர் அட்டைப்பெட்டி அச்சகத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். ஊதுபத்தி, சேலை, ஸ்வீட், இருமல் மருந்து என்று எதற்குப் பெட்டி கேட்டாலும் செய்து கொடுப்போம். அங்கே இருந்த ஒரே டிசைனர் நான்தான். டிசைனர் என்ற பெயர் எனக்குப் பிற்பாடுதான் கிடைத்தது. அப்போது எனக்குப் பெயர் 'பொம்மை போடுற அம்மா'.

எங்கள் முதலாளியின் பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் அவர் பேரப்பிள்ளைகள் என்னோடு சண்டைக்கு வருவார்கள். ஆனால் பெட்டியைப் பற்றி எனக்குத் தெரிந்ததில் பாதி அவர் கற்றுக்கொடுத்தது. புதுப்பெட்டியின் மாதிரி தயாரானதும், அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல், அச்சகத்துக்குள் முதலில் நுழைபவர் கையில் கொடுத்துவிடுவார். தபால்காரர், தண்ணீர் கேன் போடுபவர், விலாசம் கேட்டு வந்த பக்தர், யாராக இருந்தாலும் சரி. கொடுத்துவிட்டு நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து பார்ப்பார். அவர்கள் எந்தப் பக்கம் திறக்கப் பார்க்கிறார்கள், நகத்தை எங்கே வைக்கிறார்கள், பல்லால் கடிக்கிறார்களா என்று கவனிப்பார். ஒருமுறை ஒரு மருந்துப் பெட்டியைத் திறக்க முடியாமல் தபால்காரர் அதைச் சைக்கிள் சாவியால் குத்திக் கிழித்தார். முதலாளி என் பக்கம் திரும்பி, "காய்ச்சல்ல கெடக்கிறவன் சாவிக்கு எங்கம்மா போவான்?" என்று மட்டும் கேட்டார். நான் அந்தப் பெட்டியை மறுபடியும் வரைந்தேன்.

இந்தச் சோதனையில் தேறாத பெட்டி எங்கள் அச்சகத்தை விட்டு வெளியே போனதே இல்லை, ஒன்றைத் தவிர.

வெளிநாட்டுச் சாமான்களெல்லாம் திடுதிப்பென்று நம் கடைகளுக்குள் வந்து உட்கார்ந்த காலம் அது. தொண்ணூறுகளின் நடுப்பகுதி என்று வைத்துக்கொள்ளுங்கள். நேற்றுவரை கமர்கட்டு விற்ற கடையில் இன்று வெள்ளிக் காகிதம் சுற்றிய சாக்லேட். வாங்குகிறவர்களுக்குக் கொண்டாட்டம். எங்களுக்கோ பெட்டி கேட்டு வருகிறவர்கள் எல்லாரும் ஃபாரின் பெட்டி ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டு, "இது மாதிரியே" என்று நிற்பார்கள். மாங்கூழ் ஃபேக்டரிக்காரர் ஒருவர் லேபிளில் பனிமலை வேண்டுமென்றார். சித்தூரில் ஏது பனிமலை என்றேன். "மாம்பழம் ஜில்லுன்னு இருக்க வேணாமா?" என்றார். போட்டுக் கொடுத்தேன்.

அப்படி ஒருநாள் கையில் ஃபாரின் சாக்லேட் பெட்டியோடு வந்தவர்தான் கன்னியம்மா அக்கா. நகரிக்குப் பக்கத்தில், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய கிராமம். அவர்கள் குடும்பத்துக்குச் சொந்தமாக நிலம் வந்ததே அவர் மாமனார் காலத்தில்தான். கிடைத்த துண்டு நிலத்தில் மாங்கன்று வைத்தார்கள். மரம் காய்த்தது, ஆனால் சீசன் வந்தால் ஃபேக்டரி வாசலில் காயை வந்த விலைக்குத் தள்ளிவிட்டு வரவேண்டிய நிலைமை. கணவர் குவைத்துக்கு டிரைவர் வேலைக்குப் போய்விட்டார். அக்கா சும்மா இருக்கவில்லை. ஓரகத்திகளைக் கூட்டிக்கொண்டு தாண்ட்ரா போட ஆரம்பித்தார். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: மாம்பழக் கூழைப் பாயில் ஊற்றி வெயிலில் காயவிட்டு, காய்ந்ததன்மேல் மறுபடி ஊற்றி, இப்படியே அடுக்கடுக்காக ஏற்றித் துண்டு போடுவது தாண்ட்ரா. அவர் தாண்ட்ராவை ஒரு துண்டு வாயில் போட்டால் பேச்சு நின்றுவிடும். எனக்கே நின்றிருக்கிறது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

திருப்பதி பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஒரு கடையின் முன்வரிசைக் கண்ணாடி அலமாரியில்தான் அவர் சரக்கு இருந்தது, செய்தித்தாளில் பொட்டலமாக. அந்த இடத்தை இப்போது சாக்லேட் கம்பெனி கேட்டது. இடம் கொடுத்தால் குளிர்பெட்டி ஒன்று இலவசம் என்று ஆசை காட்டியது. கடைக்காரர் மல்லிகார்ஜுனா நியாயஸ்தர்தான். பிரம்மோற்சவம் முடியும்வரை பார்க்கிறேன், எது நகர்கிறதோ அதற்கு அந்த இடம் என்று சொல்லிவிட்டார்.

"அந்த எடம் போச்சுன்னா எல்லாம் போச்சு எஸ்தரு" என்றார் அக்கா. "எங்க ஊட்டுக்காரருக்கு வாக்கு குட்த்துக்கீறேன். இந்த யாவாரம் காலூணி நின்னுட்டா நீ வந்துரு, ஒட்டகத்துக்கு நடுவுல கெடக்காதன்னு. சின்னது பொறந்தப்ப போன மனுசன். இப்போ அது ஸ்கூலுக்கு போய்க்கினு கீது. நைனா எங்கன்னு கேட்டா சுவத்துல மாட்டிக்கீற போட்டோவ காட்டுது."

சொல்லிவிட்டுச் சாக்லேட் பெட்டியை என் மேஜையில் வைத்தார். அதில் ஒரு சின்ன வால் நீட்டிக்கொண்டிருந்தது. அதைப் பிடித்து இழுத்தார். பெட்டியின் முகப்பில் குறுக்காக ஒரு பட்டை கிழிந்து வந்தது. "பாத்தியா! புட்சி இஸ்த்தா சர்ருனு வருது. இது வேணும். தங்கக் கலரு வேணும். நம்ம பெருமாளு வேணும்."

நான் ஏழு மலையையும் வரைந்து, கிளிமூக்கு மாங்காய்க் கொத்துக்கு நடுவில் பெருமாளை அளவாக வைத்தேன். கிழிக்கும் பட்டை அவர் பாதத்துக்குக் கீழே, பீடத்துக்கும் கீழே போகும்படி இடம் விட்டேன். அக்கா பார்த்தார், முகம் சுருங்கியது.

"பெருமாள பெருசா போடு."

போட்டேன்.

"இன்னும் பெருசா. கண்ணு தெரியணும்."

நீங்கள் சிரிப்பது தெரிகிறது. 'லோகோவைப் பெரிதாக்குங்கள்' என்று உங்களிடம் கேட்கும் வாடிக்கையாளர்களுக்கெல்லாம் அக்காதான் முன்னோடி. பெருமாள் வளர்ந்தார். வளர வளர அவர் பாதம் பெட்டியின் அடிவிளிம்புக்குப் போனது. பட்டைக்கு அட்டையில் வெட்டுப் போடும் கத்தியச்சு ஏற்கனவே அடித்தாகிவிட்டது, அது இருந்த இடத்திலேயே இருந்தது. கடைசியில் பட்டை சரியாகப் பெருமாளின் மார்பில் வந்து நின்றது.

மாதிரி தயாரானது. தங்க ஃபாயில் விளக்கு வெளிச்சத்தில் ஜொலித்தது. முதலாளி வழக்கம்போல அதைத் தபால்காரர் கையில் கொடுத்தார். தபால்காரர் செருப்பைக் கழற்றினார். பெட்டியை இரண்டு கண்ணிலும் ஒற்றிக்கொண்டு, பத்திரமாக மேஜைமேல் வைத்துவிட்டு, தபாலைக் கொடுக்காமலேயே போய்விட்டார். அடுத்து வந்தவர் தண்ணீர் கேன்காரர். அவர் கையைத் துடைத்துவிட்டு வாங்கி, தலைக்குமேல் தூக்கி, "கோவிந்தா" என்றார். முதலாளி ஆனந்தத்தில் கண் கலங்கிவிட்டார். தன் தலைக்குப் பின்னால் இருந்த சாமி அலமாரியில் பெட்டியை வைத்து ஊதுபத்தி ஏற்றினார். "இது மாதிரி ஒரு பெட்டி இந்த பிரஸ்ல வந்ததில்லம்மா" என்றார்.

பெட்டியை ஒருவரும் திறந்து பார்க்கவில்லை. அந்த அறையில் அதைக் கவனித்தது நான் மட்டும்தான்.

காரணம் எளிது. அந்தப் படத்தைப் பார்த்துக் கை கூப்பாமல் நின்றவள் நான் ஒருத்திதான். என் மேஜையில் இன்னொரு மாதிரி இருந்தது. வாலைப் பிடித்து இழுத்தேன். சர்ரென்று வந்தது. பெருமாள் இரண்டாக நின்றார். எடுத்துக்கொண்டு முதலாளியிடம் போனேன்.

"சார், திறந்தா இப்படி ஆகுது."

அவர் முகம் வெளுத்துவிட்டது. "கிழிச்சிட்டியா?"

"சார், எல்லாரும் இப்படித்தானே கிழிக்கணும்?"

"நீ எதுக்கும்மா கிழிச்ச?" அவர் எழுந்து, அந்த இரண்டு துண்டையும் என் கையிலிருந்து வாங்கி, பச்சைக்குழந்தையைப்போலத் துண்டில் சுற்றினார். அதற்குப் பிறகு அரைமணி நேரம் பேச்செல்லாம் அந்தக் கிழிந்த மாதிரியை என்ன செய்வது என்பதைப் பற்றித்தான். ஆற்றில் விட வேண்டுமென்றார் ஒருவர். சுவர்ணமுகியில் தண்ணீர் இல்லையே என்றார் இன்னொருவர். அச்சு மெஷின் ஓட்டுகிறவர் சைக்கிளில் காளஹஸ்திப் பக்கம் வரை போய், ஒரு மடுவைக் கண்டுபிடித்து விட்டுவிட்டு வந்தார். நான் சொன்னது டிசைனில் இருந்த ஓட்டையை. அவர்கள் காதில் விழுந்தது நான் செய்த பாவம். மறுபடியும் வாயைத் திறந்திருந்தால், "இந்தம்மாவுக்கு நம்ம சாமிமேல என்ன கோபம்?" என்றிருப்பார்கள். பெட்டி அச்சுக்குப் போனது.

தம்பி, தங்கைகளே, இதைக் குறித்துக்கொள்ளுங்கள். பார்ப்பவர்கள் எல்லாரும் ஒரே வார்த்தையில் பாராட்டும் மாதிரியை நம்பாதீர்கள். அதன்மேல் ஒருவனாவது அலட்சியமாகக் கை வைக்க வேண்டும்.

பெட்டிகள் கடைக்குப் போயின. ஏற்றுகிறவர்கள் மூட்டையைத் தரையில் வைக்க மறுத்தார்கள். ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கவும் மறுத்தார்கள், பெருமாள் தலைமேல் பெருமாளா என்று. ஒரு ஆட்டோவில் ஏற்ற வேண்டியதை நான்கு ஆட்டோவில், பயணிகள் இருக்கையில் உட்காரவைத்துக் கொண்டுபோனார்கள். ஆனால் விற்பனையைக் கேட்காதீர்கள்! மலையிலிருந்து இறங்கிய பக்தர்கள் மொட்டைத்தலையில் சந்தனத்தோடு வந்து வாங்கிக் குவித்தார்கள். மல்லிகார்ஜுனா போன் பண்ணி, "சால பாகுந்தம்மா, சால பாகுந்தி!" என்று தெலுங்கில் கத்தினார், ரொம்ப நன்றாயிருக்கிறதாம். அக்காவின் ஓரகத்திகள் இருந்த சரக்கையெல்லாம் பெட்டியில் போட்டார்கள். குவைத்துக்குப் போகிற ஊர்க்காரர் ஒருவர் கையில் அக்கா தன் கணவருக்கும் ஒரு பெட்டி கொடுத்தனுப்பினார். அதில் வைத்த தாண்ட்ராவை அக்கா தனியாக, தன் கையாலேயே ஊற்றிக் காயவைத்திருந்தார். எனக்கு ஒரு துண்டு கேட்டதற்கு முறைத்தார்.

குட்டு உடைந்தது எஸ்டிடி பூத்தில். குவைத்திலிருந்து போன் வரும் வெள்ளிக்கிழமை அக்கா திருப்பதியில் இருந்தார், நானும் உடன் போயிருந்தேன். கண்ணாடிக் கதவைச் சாத்தவில்லை. சாத்தியிருந்தாலும் அக்கா குரலுக்கு அது தாங்காது.

"வந்துச்சா? ... எப்டி கீது?"

அந்தப் பக்கம் ஏதோ சொன்னார்.

"நல்லா கீதா! எல்லாருக்கும் குட்த்தியா?"

மறுபடி ஏதோ சொன்னார். அக்காவின் முகம் மெல்ல மாறியது.

"கும்புட்டுக்கினு கீறியா? இன்னாது, ரூமே கும்புடுதா? யோவ், நான் கேக்கறது உள்ள கீறத! ... துன்னியா இல்லியா?"

பூத்திலிருந்து வெளியே வந்தவர் என்னைப் பார்த்தார். எனக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. அக்கா முகத்தைப் பார்த்ததும் அடங்கிவிட்டது.

"அலமாரி மேல வச்சி ஊதுவத்தி ஏத்திக்கினு கீறானுங்க. நம்ம ஜில்லா பசங்க எல்லாம் டூட்டிக்கு போறப்ப கும்புட்டு போறானுங்களாம். கிழிச்சா பாவமாம். எஸ்தரு, அப்போ இங்க வாங்கனவங்க?"

அதற்குப் பதில் இரண்டு நாளில் வந்தது. திருச்சானூரில் லாட்ஜ் வைத்திருக்கும் அம்மா ஒருவர், அக்காவின் பொட்டலக் காலத்து வாடிக்கை, கடைக்கே நேரில் வந்துவிட்டார். பூஜை அறையில் எறும்பு. பெருமாள் பெட்டிக்குள்ளிருந்து வரிசையாகப் புறப்பட்டு, தாயார் படத்தைச் சுற்றிக்கொண்டு போகிறது. பெட்டியைத் திறக்கவும் மனமில்லை, எறியவும் மனமில்லை. எறும்புப்பொடி போடலாமென்றால் பெருமாளுக்கு எதிரில் எப்படிப் போடுவது?

மல்லிகார்ஜுனா கணக்கில் புலி. உடனே புரிந்துகொண்டார். விற்ற பெட்டி விற்றதுதான். ஆனால் தின்னாதவன் திரும்பி வந்து இன்னொன்று வாங்க மாட்டான். ஒரு வீட்டுக்கு ஒரு பெருமாள் போதும். பழைய பொட்டல வாடிக்கைக்காரர்கள்கூட, வீட்டில்தான் ஒன்று இருக்கிறதே என்று நின்றுவிட்டார்கள். கடையில் விற்பனை படுத்தது. பிரம்மோற்சவத்துக்குக் கொடியேற்ற இன்னும் சில நாட்கள்தான். அச்சகத்தில் மடிக்காத பெட்டி அட்டைகள் கூரைவரைக்கும்.

"கன்னியம்மா, நேனு ஏமி சேயாலி? சாக்லேட்டுவாளு ஃப்ரிட்ஜு தீஸ்கொனி வாசல்ல நிக்கிறாங்க கதா" என்றார் மல்லிகார்ஜுனா. நான் என்ன செய்வது, ஃப்ரிட்ஜோடு வந்து நிற்கிறார்களே என்று கேட்டவரின் குரலில் நிஜமாகவே வருத்தம் இருந்தது.

அச்சகத்தில் கூடினோம். முதலாளி, அக்கா, நான். பெட்டிகளைப் பழைய பேப்பர்காரருக்குப் போட்டுவிடலாமென்று ஆளனுப்பினோம். அவர் வந்து பார்த்தார், கும்பிட்டார், "சாமிய கூழாக்கற பாவம் எனக்கு வேணாங்க" என்று தராசைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். படத்துக்குமேல் வெள்ளைக் காகிதப் பட்டை ஒட்டலாமா என்றேன்.

"பெருமாளுக்கு முக்காடா போடற?" என்றார் அக்கா.

படம் இல்லாமல் புதிதாக அச்சடிக்கலாம் என்றார் முதலாளி. அதற்கு நேரமும் இல்லை, அக்காவிடம் காசும் இல்லை. அக்கா பெஞ்சில் உட்கார்ந்து முந்தானையைப் பிசைந்துகொண்டிருந்தார். "போன வாரம்தான் சொன்னேன், தீபாவளிக்கு வந்துருய்யான்னு" என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. சர்ச்சில் வளர்ந்தவள் என்பதால் சும்மா இருந்துவிட்டோமே, மரியாதை பார்த்து மென்று விழுங்கிவிட்டோமே என்று என்மேலேயே கோபம் கோபமாக வந்தது.

முதலாளிக்கு மனது கலங்கினால் தன் சாமி அலமாரியைத் துடைப்பது வழக்கம். எழுந்து துடைக்க ஆரம்பித்தார். மாதிரிப் பெட்டியைப் பக்தியோடு தூக்கி, அடியிலிருந்த தூசியைத் துடைத்து, பெட்டியின் அடிப்பக்கத்தையும் துணியால் பரபரவென்று துடைத்து, மறுபடி வைத்தார். முகப்பை விரல்படாமல் பிடித்தவர், அடிப்பக்கத்தைச் சமையலறைப் பாத்திரம்போலத் தேய்த்தார்.

"சார், இன்னொரு தடவை துடையுங்க."

"எதுக்கு?"

"அடியில சாமி இல்லல்ல?"

"அடியில இன்னாம்மா சாமி? அடி அடிதான்."

எனக்கு வேறொன்றும் வேண்டியிருக்கவில்லை. கிழிக்கும் பட்டையை உள்பக்கமாகக் காகிதம் ஒட்டி அடைத்தோம், வாலை வெட்டினோம். பட்டை திறக்குமே என்று அடிமடிப்பை ஏற்கனவே கோந்து போட்டு மூடும்படி வைத்திருந்தேன். இப்போது கோந்து இல்லாமல் நாக்கை மடித்துச் செருகும்படி மாற்றினோம். உள்ளே பாக்குமட்டையில் தட்டு. பெட்டியைத் தூக்கி அடிநாக்கைத் தள்ளினால் தட்டு தாண்ட்ராவோடு வழுக்கிக் கையில் வந்து விழும். பெருமாள்மேல் ஒரு கீறல் விழாது. தட்டு காலியானால்? பாதாம் இலையில் சுற்றி, வாழைநாரில் கட்டிய தாண்ட்ராக் கட்டு தனியாக விற்போம், வாங்கிக்கொண்டுபோய்த் தட்டை நிரப்பிக்கொள்ள வேண்டியதுதான். வீட்டுக்கு ஒரு பெருமாள், மாதத்துக்கு நான்கு தாண்ட்ரா. நீங்கள் இன்று 'ரீஃபில்' என்றும் 'சர்க்குலர்' என்றும் ஆங்கிலத்தில் சொல்லிக் கைதட்டு வாங்குகிறீர்களே, அதுதான் இது. நாங்கள் அதற்கு வைத்த பெயர் 'எப்படியாவது தப்பிக்கணும்'.

முதலாளி அந்த மாதிரியை அடுத்து வந்தவர் கையில் கொடுத்தார். வந்தவர் சாக்ஷாத் அதே தபால்காரர். செருப்பைக் கழற்றி, கண்ணில் ஒற்றி, கீழே வைக்கப் போனார். முதலாளி நாற்காலியிலிருந்து துள்ளி எழுந்து, வாழ்க்கையில் முதன்முறையாகத் தன் விதியை மீறி, "அடியில தொறய்யா!" என்று அலறினார்.

யாராவது காட்டிக்கொடுத்தால்தான் அடியைத் திறப்பார்கள் என்று புரிந்தது, அதனால்தான் பிரம்மோற்சவத் திருவிழாவில் அக்காவே கடைவாசலில் நின்றார். பட்டுச்சேலை கட்டி, பெட்டியைத் தலைக்குமேல் தூக்கி, ஒரு கும்பிடு போட்டு, அடியைத் தட்டித் தாண்ட்ராவை வாங்குகிறவர் கையில் விழவைத்தார். "சாமி சாமியா இருக்கட்டும், மாங்கா வவுத்துக்கு போவட்டும்! துன்னு பாருங்க, துன்னு பாத்துட்டு சொல்லுங்க!" தெலுங்கில் பாதி, தமிழில் பாதி. கூட்டம் சிரித்தது, தின்றது, வாங்கியது. லாட்ஜ் அம்மா பழைய பெட்டியைக் கொண்டுவந்து நீட்டினார். எறும்பைத் தட்டி, அடியைத் திறந்துவிட்டு, தட்டு போட்டுக் கொடுத்தோம். அந்த வாரத்தில் இரண்டு நாள் மதியம் கரண்ட் போய், சாக்லேட் கம்பெனியின் குளிர்பெட்டிக்குள் எல்லாம் ஒரே குழம்பாகிவிட்டது. அதற்கும் எங்களுக்கும் சம்பந்தமில்லை. பெருமாளுக்கு இருந்ததா என்று தெரியாது, 'இருந்தது' என்றுதான் அக்கா சொல்வார். கண்ணாடி அலமாரியின் முன்வரிசை அக்காவிடமே இருந்தது.

அடுத்த மாம்பழ சீசனுக்கு முன்பாகப் புது மாதிரிகளை எடுத்துக்கொண்டு நான் அவர்கள் ஊருக்குப் போயிருந்தேன். அன்றைக்குத்தான் அவர் கணவர் வந்து இறங்கினார். தீபாவளிக்கு லீவு கிடைக்கவில்லை, இப்போதுதான் கிடைத்ததாம், அதுவும் இரண்டு மாத லீவு. மெட்ராஸ் ஏர்போர்ட்டிலிருந்து வாடகைக் காரில் வந்தார். டேப் ரிக்கார்டரும் போர்வையும் டிக்கியில் இருந்தன. மடியில் மட்டும் ஒரு பெட்டி. தங்க ஃபாயில், வால் இன்னும் நீட்டிக்கொண்டிருந்தது. அக்கா கொடுத்தனுப்பிய அதே பெட்டி, திறக்கவே இல்லை.

"ஒரு துண்டு கூட துன்னலியா நீ?" என்றார் அக்கா. ஊரே வாசலில் நின்றது. "ஒனக்குன்னு தனியா ஊத்தினேன்யா அத."

அந்த மனிதர் குற்றவாளிபோல நின்றார். "சாமிய எப்டி கிழிக்கிறது கன்னிம்மா? நீ வேற அனுப்பி வச்சது."

பழைய பெட்டி அது, அடியில் கோந்து. எல்லாரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். பிறகு ஒருவர்விடாமல் என்னைப் பார்த்தார்கள்.

"நீ தொறம்மா" என்றார் அக்காவின் மாமனார். "ஒனக்கு பாவம் இல்ல."

என் தொழில் வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த ஒரே சிறப்புத் தகுதி அதுதான். இட்லிப் பானையில் தண்ணீர் கொதிக்கவைத்து, ஆவியில் அடிப்பக்கத்தைக் காட்டி, கோந்து இளகியதும் கத்திமுனையால் மெல்ல நெம்பித் திறந்தேன். தாண்ட்ரா முழுவதையும் தட்டில் கொட்டினேன், கருத்து, இறுகிப்போயிருந்தது. ஒரு துண்டை எடுத்து அவர் வாயில் போட்டுக்கொண்டார். நெடுநேரம் மென்றார். மென்றுகொண்டே இருக்கும்போது அவர் கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கியது. துடைத்துக்கொள்ளவில்லை. பள்ளிக்கூடம் போகும் சின்னப்பெண் அவரையும் சுவரில் இருந்த போட்டோவையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தது.

"எப்டி கீது?" என்றார் அக்கா.

அவர் தலையாட்டினார். பேச முடியவில்லை. பிறகு சட்டைப்பையில் கைவிட்டுப் பாஸ்போர்ட்டை எடுத்து, அக்காவிடம் கொடுத்தார், எங்கேயாவது பத்திரமாக வை என்று. அக்கா அதை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். காலியான பெட்டியைப் பார்த்தார். பாஸ்போர்ட்டை அடிவழியாக உள்ளே போட்டு, மடிப்பை மூடினார்.

"எஸ்தரு, கோந்து கீதா?"

என் பையில் எப்போதும் இருக்கும். "அக்கா, அவரு லீவு முடிஞ்சி போகணும்னா?"

"போவணும்னா எடுத்துக்கட்டும்" என்றார் அக்கா, கணவரைப் பார்த்து. "பெருமாள கிழிச்சிட்டு எடுத்துக்கட்டும்."

அந்த மனிதர் வாய்விட்டுச் சிரித்தார். வாய் நிறையத் தாண்ட்ரா. நான் அடிமடிப்பில் கோந்து தடவி, காயும்வரை இரண்டு கையாலும் அழுத்திப் பிடித்துக்கொண்டேன். அக்கா பெட்டியைக் கண்ணில் ஒற்றி அலமாரியில் வைத்தார். போன வருஷம் அந்தப் பக்கம் போனபோது பார்த்தேன், ஃபாயில் மங்கிவிட்டது, பெட்டி அங்கேயே இருக்கிறது. அக்காவின் கணவர் வெளியே பாய் போட்டுக் கூழ் ஊற்றிக்கொண்டிருந்தார்.